அஸ்ஃபால்டீன் விழுறது எண்ணெயோட குணமா, நாம கலக்குற விதமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனமான கச்சா எண்ணெயோட ஒரு லேசான சால்வென்ட்டோ வேற ஒரு லேசான எண்ணெயோ சேரும்போது சில சமயம் அஸ்ஃபால்டீன்ங்கிற கருப்புக் கசடு பிரிஞ்சு வந்து ஃபில்டரை அடைக்கும், டேங்க் அடியில படியும், ஹீட் எக்ஸ்சேஞ்சர் டியூப்ல ஒட்டிக்கும். லேப்ல வேலை பார்க்குறவங்க, ரிஃபைனரியில ப்ளெண்டிங் பார்க்குறவங்க, கப்பல் எஞ்சினியருங்க, கெமிக்கல் எஞ்சினியரிங் படிக்கிற பசங்க எல்லாருமே இதைப்பத்தி கேட்குறது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான். அதையெல்லாம் ஒரே இடத்துல பதிலோட எழுதி வச்சிருக்கேன். நான் திரும்பத் திரும்ப சொல்லப்போறது ஒண்ணுதான்: எதை எவ்வளவு சேர்த்தோம்னு எல்லாரும் குறிச்சு வைக்கிறாங்க, எந்த வரிசையில, எவ்வளவு வேகத்துல, எப்படிக் கலக்கி, எவ்வளவு நேரம் விட்டோம்னு யாரும் குறிக்கிறதில்ல, பாதி குழப்பம் அங்கதான் ஆரம்பிக்குது.

அஸ்ஃபால்டீன்னா என்ன? அது ஏன் தனியா பிரிஞ்சு விழுது?

கச்சா எண்ணெயில இருக்கிறதுலயே கனமான, பிசினான பகுதி அது. மத்த பொருளுக்கு ஃபார்முலா இருக்கிற மாதிரி இதுக்குக் கிடையாது, கரையிறதை வச்சுத்தான் அடையாளம்: ஹெப்டேன்ங்கிற லேசான சால்வென்ட்ல கரையாது, டொலுயின்ங்கிற அரோமாட்டிக் சால்வென்ட்ல கரையும், அப்படி எது மிஞ்சுதோ அதுதான் அஸ்ஃபால்டீன். தட்டையான அரோமாட்டிக் (பென்சீன் மாதிரி) வளையங்கள், ஓரத்துல வால் மாதிரி கார்பன் சங்கிலி, நடுவுல சல்ஃபர், நைட்ரஜன், கொஞ்சம் வனேடியம், நிக்கல் இப்படி ஆயிரக்கணக்கான வகை மூலக்கூறுகளோட கலவை. 1837-லயே ஃபிரான்ஸ்ல பூசிங்கோங்கிற வேதியியலாளர் இந்தப் பேரை வச்சுட்டார், ஆனா மூலக்கூறு எடை சராசரியா 750 பக்கம்தான் இருக்கும்னு பொதுவா ஒத்துக்கிட்டது ரொம்ப பின்னாடிதான், அதுக்கு முன்னாடி ஆயிரங்கள், லட்சங்கள்னு கூட எழுதிட்டு இருந்தாங்க. காரணம் இந்த மூலக்கூறுகள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டே இருக்கும், 2 நானோமீட்டர் கட்டி, அதுல சிலது சேர்ந்து 5 நானோமீட்டர் கட்டினு. சுத்தி இருக்கிற எண்ணெய்ல அரோமாட்டிக், ரெசின் (அஸ்ஃபால்டீனை விடக் கொஞ்சம் லேசான பிசின் பகுதி) எல்லாம் போதுமா இருக்கிற வரைக்கும் இந்தக் குட்டிக் கட்டிகள் மிதந்துட்டே இருக்கும். ஹெப்டேன், பென்டேன் மாதிரி பாரஃபினை (அரோமாட்டிக் வளையம் இல்லாத, சங்கிலி மாதிரி ஹைட்ரோகார்பன்) ஊத்தி எண்ணெயோட கரைக்கிற சக்தியைக் குறைச்சா கட்டிகள் சேர்ந்து மைக்ரான் அளவுக்கு வளர்ந்து விழுந்துரும். ஹெப்டேனை விட பென்டேன்ல இன்னும் அதிகமா விழும்.

ஹெப்டேன் எவ்வளவுங்கிறதுதானே கணக்கு? கலக்குற விதம் என்ன பண்ணிரும்?

கடைசில எல்லாம் ஒரே சீரா கலந்து, நாள்கணக்கா விட்டு, சமநிலைக்கு வந்த பிறகு பார்த்தா நீங்க சொல்றது பெரும்பாலும் சரி. மொத்தம் எவ்வளவு விழணுமோ அதை கலவையோட சேர்மானமும் சூடும் அழுத்தமும்தான் தீர்மானிக்கும். ஆனா அந்த நிலைக்கு போற வழியில நடக்குறது வேற.

ஒரு பீக்கர்ல எண்ணெய் இருக்கு, அதுல நீங்க ஹெப்டேன் ஊத்துறீங்க, கடைசி கணக்குல ஹெப்டேன் 30 சதவீதம்தான், அந்த எண்ணெய்க்கு 30 சதவீதத்துல ஒண்ணும் விழக்கூடாது. ஆனா ஊத்துன அந்த நொடியில ஹெப்டேன் விழுற இடத்தை மட்டும் பாருங்க, அங்க 90 சதவீதத்துக்கு மேல ஹெப்டேன்தான், அந்த இடத்துல மாட்டுன எண்ணெய்க்கு மிச்ச பீக்கர்ல என்ன இருக்குன்னு தெரியாது, அது தன் பக்கத்துல இருக்கிறதுக்கு ஏத்த மாதிரி அஸ்ஃபால்டீனைக் கழட்டி விட்டுரும். அப்புறம் ஸ்டிர்ரர் சுத்தி எல்லாத்தையும் கலந்துவிட்டாலும் அந்தத் துகள் உடனே திரும்பக் கரையாது. உப்புமாவுக்கு ரவையைத் தூவிக் கிண்டாம மொத்தமா கொட்டுனா அளவு சரியா இருந்தும் கட்டி தட்டுது இல்லையா, அதே சங்கதி.

அதனாலதான் சொட்டு சொட்டா விடணும், விடுற இடம் ஸ்டிர்ரர் பிளேடுக்குப் பக்கத்துல இருக்கணும், பீக்கர் ஓரத்துல கலக்கல் எட்டாத செத்த மூலை இருக்கக்கூடாதுன்னு சொல்றோம்.

எண்ணெயில ஹெப்டேனை விடுறதா, ஹெப்டேன்ல எண்ணெயை விடுறதா? ரெண்டும் ஒண்ணுதானே?

ஒண்ணு இல்ல, இதுதான் இந்தப் பக்கத்துலயே முக்கியமான கேள்வி, அதனால கணக்கு போட்டே காட்டுறேன்.

ரிஃபைனரிக்காரங்க எண்ணெயோட கரைக்கிற சக்திக்கு ஒரு எண் வச்சிருக்காங்க, இர்வின் வீஹே 2000 வாக்குல கொண்டுவந்த முறை. சுத்தமான ஹெப்டேனுக்கு 0, டொலுயினுக்கு 100. ஒவ்வொரு எண்ணெய்க்கும் ரெண்டு எண். ஒண்ணு அது எவ்வளவு கரைக்கும்ங்கிற எண். இன்னொண்ணு, அதுல இருக்கிற அஸ்ஃபால்டீன் விழாம நிக்க குறைஞ்சபட்சம் எவ்வளவு கரைக்கிற சக்தி வேணும்ங்கிற எண். ரெண்டு எண்ணெய் கலந்தா கரைக்கிற எண்ணை வால்யூம் சராசரியா எடுத்துக்கலாம், அந்த சராசரி தேவைப்படுற எண்ணுல பெரியதை விட மேல நிக்கணும்.

உதாரணத்துக்கு நானே ரெண்டு எண்ணெய் எடுத்துக்குறேன். கனமானது: கரைக்கிற எண் 90, தேவை 40. லேசான பாரஃபின் எண்ணெய்: கரைக்கிற எண் 20, அதுல அஸ்ஃபால்டீனே இல்ல. பாதிக்குப் பாதி கலந்தா சராசரி 55, தேவை 40, தப்பிச்சாச்சு. இப்போ இந்த 50:50-க்கு எப்படிப் போய்ச் சேர்றோம்னு பாருங்க. கனமானது டேங்க்ல இருக்கு, அதுல லேசானதை மெதுவா விடுறோம்னா எண் 90-ல ஆரம்பிச்சு இறங்கி 55-ல நிக்கும், 40-ஐத் தொடவே இல்ல. திருப்பி லேசானது டேங்க்ல இருந்து அதுல கனமானதை விட்டா எண் 20-ல ஆரம்பிக்குது, கனமானது 29 சதவீதம் ஆகுற வரைக்கும் 40-க்குக் கீழதான், அந்த வழி முழுக்க அஸ்ஃபால்டீன் விழுந்துட்டே வரும். கடைசில 55-க்கு வந்துட்டாலும் ஏற்கனவே விழுந்தது அடியில கிடக்கும். ரெண்டு எண்ணெயும் அதே, அளவும் அதே, ஒரு டேங்க் சுத்தமா இருக்கு, இன்னொண்ணுல கசடு!

அதனால விதி: கரைக்கிற எண் அதிகமா இருக்கிறது முதல்ல, குறைவானது அப்புறம். ரிஃபைனரியில நிறைய பேர் வெறும் 40-ஐத் தாண்டினா போதும்னு விடுறதில்ல, 1.3 இல்ல 1.4 மடங்கு இடைவெளி வச்சுக்குறாங்க, ஏன்னா எல்லைக்குப் பக்கத்துல இருந்தாலே சூடான டியூப் சுவர்ல ஒட்ட ஆரம்பிச்சுரும்.

ஸ்டிர்ரர் வேகத்தைக் கூட்டினா வீழ்படிவு கூடுமா, குறையுமா?

எடை பெருசா மாறாது, துகளோட சைஸ் மாறும். வேகமா சுத்தினா துகள்கள் அடிக்கடி மோதும், மோதினா ஒட்டும், அதனால முதல்ல வேகமா வளரும். ஆனா அதே சுழற்சி பெரிய கட்டியைப் பிச்சும் போட்டுரும். கனடால ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்துல டொலுயின், ஹெப்டேன் கலவையில அஸ்ஃபால்டீன் கட்டிகள் வளர்றதை மைக்ரோஸ்கோப்ல பார்த்து செஞ்ச ஆய்வுகள் இதை அழகா காட்டுச்சு: கட்டி வளர்ந்து ஒரு உச்சத்துக்குப் போகும், அப்புறம் கொஞ்சம் சிறுத்து ஒரு நிலையான சைஸ்ல நிக்கும், சுழற்சி வேகம் கூடக் கூட அந்த நிலையான சைஸ் சின்னதாகும். அந்தக் கட்டிகளும் கெட்டியான உருண்டை கிடையாது, பஞ்சு மாதிரி பொதபொதன்னு நிறைய காலி இடத்தோட இருக்கும்.

இது வெறும் அறிவியல் ஆர்வத்துக்குன்னு நினைக்காதீங்க. சின்ன துகள் சீக்கிரம் அடியில இறங்காது, ஃபில்டர் துளைக்குள்ள புகுந்துரும், அப்போ ஃபில்டர் பேப்பர்ல பிடிச்ச எடை குறையும், ரிப்போர்ட்ல அஸ்ஃபால்டீன் குறைவுன்னு வரும். ஆக எண்ணெய் மாறல, ஸ்டிர்ரர் வேகம் மாறிச்சு.

கலக்கி முடிச்சதும் பார்த்தேன், ஒண்ணும் விழல. அப்போ இது பாதுகாப்பான அளவுன்னு எடுத்துக்கலாமா?

எடுத்துக்கக் கூடாது. முந்தி நிறைய பேர் ஹெப்டேனைக் கொஞ்சம் கொஞ்சமா விட்டுட்டு, சில நிமிஷம் கழிச்சு மைக்ரோஸ்கோப்ல பார்த்து, துகள் முதல்ல தெரியுற அளவை எல்லைன்னு எழுதிட்டு இருந்தாங்க. 2009-ல மிச்சிகன் பல்கலைக்கழகத்துல ஸ்காட் ஃபோக்லர் குழு அந்த நம்பிக்கையை அசைச்சுட்டாங்க. அவங்க செஞ்சது எளிமையான காரியம்: எல்லைன்னு சொல்லப்பட்ட அளவுக்குக் கீழ ஹெப்டேன் சேர்த்த சாம்பிள்களைத் தூக்கி எறியாம வச்சு நாள்கணக்கா பார்த்துட்டே இருந்தாங்க. ஹெப்டேன் அதிகமா இருந்த சாம்பிள்ல நிமிஷத்துல துகள் வந்துச்சு, குறைவா இருந்ததுல வாரக்கணக்கு, சிலதுல மாசக்கணக்கு ஆச்சு, ஆனா வந்துச்சு. அதாவது எல்லைன்னு நாம எழுதுறது எவ்வளவு நேரம் காத்திருந்தோம்ங்கிறதைப் பொறுத்த ஒரு நம்பர்தான்.

இங்க ஒரு சிக்கல் இருக்கு, பசங்க நிறைய பேர் இதுல தடுமாறுறாங்க. கலக்குறது மோசமா இருந்தா ஹெப்டேன் ஒரே இடத்துல குவிஞ்சு துகள் சீக்கிரமே வந்துரும், எல்லை உண்மையை விடக் குறைவா தெரியும். ஹெப்டேனை அவசரமா ஏத்திட்டே போனா துகள் வளர நேரம் கிடைக்காது, எல்லை உண்மையை விட அதிகமா தெரியும். ரெண்டு தப்பும் எதிரெதிர் பக்கம் இழுக்கும், ஒரே டெஸ்ட்ல ரெண்டும் நடந்தா கிடைச்ச நம்பர் தற்செயலா சரியா இருக்கிற மாதிரி கூடத் தெரியலாம், அதை நம்பி ப்ளெண்ட் போட்டா ஆபத்து. அதனால இப்படி ஹெப்டேனைக் கொஞ்சம் கொஞ்சமா விட்டுப் பார்க்குற டைட்ரேஷன்ல வர்ற எல்லையை முதல் கட்ட மதிப்பீடா மட்டும் வச்சுக்கிட்டு, அதுக்குக் கீழ சில அளவுல தனித்தனி பாட்டில் கலக்கி வச்சு ஒரு நாள், ஒரு வாரம், ஒரு மாசம்னு பாருங்க.

சூடு பண்ணிக் கலந்தா நல்லதா?

பெரும்பாலும் நல்லது. சூட்டுல எண்ணெய் இளகும், கலவை சீக்கிரம் சீராகும், அந்த லோக்கல் குவிப்பு குறையும். ஹெப்டேன் மாதிரி திரவ சால்வென்ட்ல சூடு ஏறினா அஸ்ஃபால்டீன் கொஞ்சம் கூடுதலாவே கரையும். ஆனா விழ வேண்டியது சீக்கிரமா விழுந்துரும், ஏன்னா துகள்கள் நகர்றதும் மோதுறதும் சூட்டுல வேகமாகும். புரொபேன்ல கதை தலைகீழ், அது கிரிட்டிகல் நிலைக்கு (திரவம், வாயுங்கிற வித்தியாசம் மறையுற நிலை) பக்கத்துல இருக்கிறதால சூடு ஏற ஏற அடர்த்தி குறைஞ்சு கரைக்கிற சக்தி போயிரும், இன்னும் அதிகமா விழும். ரிஃபைனரியில புரொபேனை வச்சு அஸ்ஃபால்டீனைப் பிரிக்கிற டீஅஸ்ஃபால்ட்டிங் யூனிட்ல டவர் மேல் பக்கம் சூடு அதிகமா வைக்கிறது இதனாலதான்.

கலக்கவே கலக்காம ஊத்தி வச்சுட்டா?

ஹெப்டேன் அடர்த்தி 0.68, பிட்டுமென் (தார் மாதிரி ரொம்ப கனமான எண்ணெய்) கிட்டத்தட்ட 1, ஹெப்டேன் மேல மிதக்கும். கனடாவோட அத்தாபாஸ்கா பிட்டுமென் சாதாரண வெப்பநிலையில தண்ணியை விட லட்சம் மடங்குக்கு மேல குழகுழப்பு, அதுக்குள்ள ஹெப்டேன் ஊடுருவ நாள் ஆகும். ரெண்டும் சந்திக்கிற கோட்டுல மட்டும் மெல்லிசா ஒரு கருப்புப் பொடி வரிசை பிடிக்கும். இந்த ஊடுருவல் மட்டும் நடக்குற நிலையை ரொம்ப சின்ன அறைக்குள்ள வச்சு ஆய்வு பண்ணவங்க, முதல்ல ஒரு மைக்ரானுக்கும் சின்னதான துகள்கள் தோணி, அப்புறம் அதுங்க சேர்ந்து கட்டியாகுறதைப் பார்த்திருக்காங்க. ஸ்டிர்ரர் சுத்துற பீக்கர்ல இந்த ரெண்டு கட்டத்தையும் பிரிச்சுப் பார்க்க முடியாது.

கப்பல்ல ஏன் 2020-க்கு அப்புறம் இந்தப் பிரச்சனையை இவ்வளவு பேசுறாங்க?

2020 ஜனவரி 1-ல இருந்து ஐஎம்ஓ (சர்வதேச கடல்சார் அமைப்பு) விதிப்படி கப்பல் எரிபொருள்ல சல்ஃபர் 3.50 சதவீதத்துல இருந்து 0.50-க்கு இறங்குச்சு. முந்தி ஹெவி ஃப்யூயல் ஆயில்னா பெரும்பாலும் அரோமாட்டிக் அதிகம், எங்க வாங்கினாலும் கொஞ்சம் ஒத்துப்போகும். இப்போ 0.50-க்கு கொண்டுவர ஒவ்வொரு சப்ளையரும் கையில இருக்கிற சரக்கை வச்சு ப்ளெண்ட் பண்றாங்க, ஒண்ணு பாரஃபின் பக்கம், இன்னொண்ணு அரோமாட்டிக் பக்கம். ஒவ்வொண்ணும் தனியா கப்பல் எரிபொருளுக்கான ஐஎஸ்ஓ 8217 தரத்துல பாஸ், செடிமென்ட் 0.10 சதவீத வரம்புக்குள்ள, பேப்பர் எல்லாம் சரி. ரெண்டையும் ஒரே டேங்க்ல சேர்த்தா எண்ணெயைச் சுத்தம் பண்ற ப்யூரிஃபையர் ஸ்லட்ஜா (கசடா) கக்கும், ஆட்டோ ஃபில்டர் தன்னைத்தானே கழுவிக்க ஓயாம பேக்ஃப்ளஷ் அடிக்கும், மோசமானா எஞ்சினுக்கு எண்ணெய் போகாம நடுக்கடல்ல நிக்க வேண்டியதுதான். அதனாலதான் புது பங்கரை (கப்பல் எரிபொருள்) காலி டேங்க்ல எடுங்க, பழசோட கலக்காதீங்கன்னு சீஃப் எஞ்சினியருங்க கறாரா இருக்காங்க, அந்தக் கறார் நியாயமானது.

ஒரு சின்ன அடையாளம் சொல்றேன். ஃபில்டர்ல பிடிச்சதைச் சூடு பண்ணினா இளகி ஓடிருச்சுன்னா அது மெழுகு, டேங்க் சூட்டைக் கொஞ்சம் ஏத்தினா சரியாகலாம். சூட்டுக்கும் மசியாம கருப்பா பிசுபிசுன்னு நின்னா அஸ்ஃபால்டீன், சூடு அதைக் காப்பாத்தாது.

கப்பல்லயே டெஸ்ட் பண்ண முடியுமா?

ஸ்பாட் டெஸ்ட் பண்ணலாம், அதுக்கான ஸ்டாண்டர்ட் முறை ஏஎஸ்டிஎம் டி4740. ரெண்டு எரிபொருளையும் கலந்து 90 டிகிரி பக்கம் சூடு பண்ணி நல்லா கலக்கி, ஒரு சொட்டை டெஸ்ட் பேப்பர்ல விட்டு, 100 டிகிரி அவன்ல ஒரு மணி நேரம் வைக்கணும். எடுத்துப் பார்த்தா பழுப்பு வட்டம் ஓரத்துல இருந்து நடு வரைக்கும் ஒரே நிறமா இருந்தா 1-ம் நம்பர், நல்லது. நடுவுல தனியா கருப்பா ஒரு சின்ன வட்டம் விழுந்துச்சுன்னா அதுதான் பிரிஞ்ச அஸ்ஃபால்டீன், எண்ணெய் பேப்பர்ல பரவிப் போயிருக்கும், துகள் நகர முடியாம நடுவுலயே நின்னிருக்கும். அது எவ்வளவு கெட்டியா இருக்குன்னு பார்த்து 5 வரைக்கும் நம்பர். 3, அதுக்கு மேலன்னா கலக்காதீங்க.

பெரும்பாலும் 50:50 மட்டும் பண்ணிட்டு நிம்மதி ஆயிடுறாங்க, அது போதாது. மேல போட்ட கணக்கைத் திரும்பப் பாருங்க, 50:50-ல பாஸ் ஆன அதே ஜோடி கனமானது 20, லேசானது 80-ன்னு கலந்தா எண் 34, ஃபெயில். எரிபொருள் மாத்தும்போது பைப் லைன்ல 100:0-ல இருந்து 0:100 வரைக்கும் எல்லா விகிதமும் ஒரு தடவை கடந்து போகும். அதனால 80:20, 20:80 ரெண்டையும் சேர்த்துப் பண்ணுங்க, கூடுதலா ரெண்டு பேப்பர், அவ்வளவுதான்.

விழுந்ததைத் திரும்பக் கரைக்க முடியுமா?

டொலுயின், சைலீன் மாதிரி அரோமாட்டிக் போதுமா இருந்தா கரையும், ஆனா விழுந்த வேகத்துல கரையாது. நாள் ஆக ஆக கட்டி இறுகிரும், மெழுகு, துரு, தண்ணி எல்லாம் சேர்த்துப் பிடிச்சுக்கும். லேப்ல சுத்தமான துகள் கரையிறதை வச்சு, டேங்க் அடியில மாசக்கணக்கா கிடந்த ஸ்லட்ஜும் அப்படியே கரையும்னு கணக்குப் போடாதீங்க.

அஸ்ஃபால்டீன் அதிகமா இருக்கிற எண்ணெய்தானே ஆபத்து?

பார்க்க அப்படித்தான் தெரியும், நடப்பு வேற. வெனிசுவேலாவோட போஸ்கான் எண்ணெயில அஸ்ஃபால்டீன் கிட்டத்தட்ட 17 சதவீதம், கிணத்துல பெரிய தொல்லை இல்ல. அல்ஜீரியாவோட ஹாசி மெசௌத் எண்ணெயில அரை சதவீதம் கூட இல்ல, ஆனா கிணறு அடைச்சுக்கிட்டே இருந்ததுக்குப் பேர்போனது அதுதான். கனமான எண்ணெய் தன்னோட அஸ்ஃபால்டீனைத் தானே நல்லா கரைச்சு வச்சுக்கும். லேசான எண்ணெய்ல கரைந்த வாயு அதிகம், அழுத்தம் குறையும்போது அந்த வாயு விரிஞ்சு ஹெப்டேன் பண்ற வேலையை உள்ளயே பண்ணிரும், இருக்கிற கொஞ்ச அஸ்ஃபால்டீனும் வெளிய வந்துரும்.

வேணும்னே விழ வைக்கிற இடம் இருக்கா?

இருக்கு. ஆல்பர்ட்டாவோட எண்ணெய் மணல் சுரங்கங்கள்ல, மணலைச் சுடுதண்ணியில அலசினா மேல நுரை வரும், ஏறக்குறைய 60 சதவீதம் பிட்டுமென், 30 தண்ணி, 10 மண். அந்தத் தண்ணியையும் களிமண்ணையும் எடுக்கணும். மஸ்கெக் ரிவர் சுரங்கத்துல 2000-களோட தொடக்கத்துல இருந்தும், கெர்ல் சுரங்கத்துல 2013-ல இருந்தும் பாரஃபின் சால்வென்ட் சேர்த்து அஸ்ஃபால்டீன்ல ஒரு பகுதியை மட்டும் விழ வைக்கிறாங்க, அது விழும்போது தண்ணித் துளியையும் மண்ணையும் சேர்த்துக் கட்டிக்கிட்டு இறங்கிரும், மேல கிடைக்கிற எண்ணெய் ரொம்ப சுத்தம். இங்க கலக்குறதுல பிழை வந்தா பணம் போகும்: குறைவா கலந்தா சால்வென்ட் ஒரே இடத்துல நின்னு தேவைக்கு மேல அஸ்ஃபால்டீன் விழும், அதாவது விக்க வேண்டிய எண்ணெய் கழிவுக்குப் போகும். அதிகமா கலந்தா கட்டிகள் உடைஞ்சு சின்னதாகி இறங்காம மேலேயே மிதக்கும்.

நான் லேப்ல டெஸ்ட் பண்ணப்போறேன். ரிப்போர்ட்ல எதெல்லாம் எழுதணும்?

அஸ்ஃபால்டீன் அளவு பார்க்குற ஐபி 143 மாதிரி ஸ்டாண்டர்ட் முறைன்னா பாதி வேலை மிச்சம், ஒரு கிராம் எண்ணெய்க்கு 30 மில்லி ஹெப்டேன், ரிஃப்ளக்ஸ்ல (கொதிக்கிற ஆவி குளிர்ந்து திரும்ப உள்ளயே விழுற மாதிரி) ஒரு மணி நேரம், அப்புறம் இருட்டுல ஆற வச்சு வடிகட்டி, சூடான ஹெப்டேன்ல மெழுகைக் கழுவி, டொலுயின்ல கரைச்சு எடை பார்க்குறதுன்னு எல்லாம் அதுலயே எழுதியிருக்கும். சொந்தமா முறை வச்சுப் பண்றீங்கன்னா சால்வென்ட் பேர், அளவோட சேர்த்து எது எதுல ஊத்தினீங்க, நிமிஷத்துக்கு எத்தனை மில்லி, பாத்திரத்தோட விட்டம், ஸ்டிர்ரர் வகை, சுற்று வேகம், எந்த இடத்துல சொட்டு விட்டீங்க, கலக்கும்போது சூடு எவ்வளவு, கலக்கி முடிச்சு வடிகட்டுற வரைக்கும் எவ்வளவு நேரம், ஃபில்டர் துளை எத்தனை மைக்ரான், எல்லாத்தையும் எழுதுங்க. ரெண்டு லேப் ஒரே எண்ணெய்க்கு வேற வேற நம்பர் கொடுத்தா முதல்ல இந்தப் பட்டியலை எடுத்து ஒப்பிட்டுப் பாருங்க, அதுக்கு அப்புறம் எண்ணெயைச் சந்தேகப்படலாம்.